முன்சீட்டு பெல்ட்

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில், உச்சி வெயிலில். நம்ம ரூம் எபினேசர் இருக்கிறானே, அவன் சித்தப்பா மைக்கேல்ராஜுக்கு. இரண்டாயிரத்து நாலு, மே மாதம். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற ரோடு... அப்போது ஒரு டீக்கடைகூடக் கிடையாது. பனைமரம், காய்ந்த ஏரி, அவ்வளவுதான்.

மைக்கேல்ராஜ் கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். புது மாடலையும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்துப் பத்திரிகையில் எழுதப் போகிறார்கள் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். பழையது ரகுபதி என்கிற சென்னைக்காரருடையது. சிவப்பு வண்டி, இரண்டே சீட்டு, கூரை இல்லை, பெல்ட் இல்லை. சீட்டுத் தோலும் இன்ஜினுக்கு ஊற்றுகிற ஆமணக்கெண்ணெயும் கலந்து ஒரு வாடை. ஆனால் என்ன ஓட்டம்! மைக்கேல்ராஜே வாயைப் பிளந்தார். பிரேக்கில்தான் மாட்டிக்கொண்டது. புதுசு, நிற்கவேண்டிய கோட்டிலேயே நின்றது. பழசு வழுக்கிக்கொண்டு ஏரிக்கரை வளைவு வரைக்கும் போய்விட்டது.

வளைவைப் பார்த்ததும் ரகுபதியின் முகம் செத்துப்போயிற்று. "எங்க அக்கா சுந்தராம்பாள்... வடக்குப்பட்டுக்குப் போறப்ப இதே வண்டியிலேர்ந்து, இங்கதான் தூக்கியெறியப்பட்டு செத்தாங்க."

மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க வண்டியில வந்திருந்தா பொழச்சிருப்பாங்க சார். பெல்ட்டு கீதுல்ல," என்றார் மைக்கேல்ராஜ்.

அப்போது செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஞானம்மா. "உன் பொண்டாட்டிக்கு வலி கண்டுச்சிப்பா, சீக்கிரம் வா!" தலைப்பிரசவம். கம்பெனி வண்டி என்றுகூடப் பார்க்காமல் புது மாடலிலேயே கிளம்பிவிட்டார்.

வளைவு தாண்டியதும்... டிங்... டிங்... டிங். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. சீட்டோ காலி. பையை வைத்தாலே கத்துகிற வண்டி அது; அதனால் டெஸ்ட் டிரைவர்கள் எல்லோரும் காலி சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டிவிடுவார்கள். இவரும் கைப்பழக்கத்தில் இழுத்து மாட்டினார். க்ளிக். சத்தம் நின்றது. அப்புறம்தான் மூக்கில் ஏறியது... ஆமணக்கெண்ணெய் வாடை.

வீட்டு வாசலில் மனைவி சில்வியாவை முன்னால் உட்கார வைக்கப் பார்த்தார். பெல்ட் கழலவில்லை. பட்டனை எவ்வளவு அழுத்தினாலும், யாரோ விடாப்பிடியாகப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. அவளோ துடிக்கிறாள். பின்சீட்டில் படுக்க வைத்தார். துணிப்பை எடுக்க உள்ளே ஓடிய ஞானம்மாவுக்காகக்கூட நிற்கவில்லை.

"ஏங்க... முன்னாடி யாருங்க அது?"

"யாரும் இல்லம்மா. கண்ண மூடிக்கோ. தோ, ஆஸ்பத்திரி வந்துரும்." பக்கத்தில் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது.

அதே வளைவு. எதிரே மண் லாரி. பிரேக்கை மிதித்தார். கார் நின்றது... லாரி நிற்கவில்லை. குறுக்காகச் சறுக்கி வந்து பின்சீட்டுப் பக்கம் அடித்ததில் கதவு பிய்ந்து, சில்வியா கருவேலமுள்ளில் போய் விழுந்தாள். தாயும் போனாள், பிள்ளையும் போனது.

மைக்கேல்ராஜுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர் வந்து காலில் விழுந்தான்.

"மன்னிச்சிருண்ணே... இவங்கள காப்பாத்த முடில. முன்சீட்டு அம்மாவுக்கு ஒண்ணியும் ஆவலண்ணே. பெல்ட்ட நான்தான் கழட்டி வுட்டேன். வடக்குப்பட்டுக்கு வழி கேட்டுகினு நடந்து போச்சி."