கட்டி வளரவில்லை

எனக்குப் போனில் பேசுவது முதலில் பிடிக்கவே பிடிக்காது, மேடம். மணி அடித்தாலே எரிச்சல் வரும். நான் புள்ளியியல்காரன். மருத்துவமனையின் மேல்மாடியில், ஜன்னலில்லாத அறையில், நானுண்டு என் கம்ப்யூட்டருண்டு என்று கிடந்தவன். நோயாளிகளை மாதாமாதம் கூப்பிட்டு விசாரித்துவந்த நர்ஸ் வேலையை விட்டுப் போனதும், ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். ஆள் கிடைக்கவில்லை. நானும் தேடச் சொல்லவில்லை.

புற்றுநோய்க்கு ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்குப் பழைய மருந்து. கட்டி எவ்வளவு காலம் வளராமல் நிற்கிறது என்பதை வைத்தே, ஆயுள் நீளுமா என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாமா? இதுதான் என் கணக்கு. யாருக்கு எந்த மருந்து என்று எனக்குத் தெரியும்; அப்படித் தெரிந்தவன் நோயாளிகளோடு பேசவே கூடாது என்பது விதி. அதை யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை.

புது மாத்திரை சாப்பிட்டவர்களில், தையல்கடை வைத்திருந்த ஒரு பெண். தையலக்கா என்றுதான் கூப்பிடுவேன். "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. என் அம்மா போனபிறகு அதைக் கேட்க ஆளில்லை. தொப்பை போட்டது வாடிக்கையாளர், திட்டு வாங்குவது தையல்காரியா என்று சொல்லிச் சிரிப்பார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் திங்கள்வரை என் வாய்க்கு வேலையே கிடையாது. அதனால் எல்லாரையும் மாதம் ஒருமுறை கூப்பிடுவது வாரம் ஒருமுறையாயிற்று.

புது மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கட்டி அப்படியே நின்றது. ஆள்தான் நிற்கவில்லை. இதயம் கெட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மேற்பார்வைக் குழு பாதியில் ஒருமுறை கணக்கைப் பார்க்கும். உள்ளதைக் காட்டினால் அன்றைக்கே ஆய்வை மூடிவிடுவார்கள். அப்புறம் நான் யாரைக் கூப்பிடுவது?

எங்கள் முறையில், தொடர்பு விட்டுப்போனவரை இறந்தவராக எண்ண மாட்டோம். கடைசியாகப் பேசிய நாள்வரை உயிரோடிருந்தார், அவ்வளவுதான். எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் அவருக்காகக் கோடு இறங்காது, சின்னதாக ஒரு குறி மட்டும் விழும். நல்ல முறை. மாத்திரை சாப்பிட்டு இறந்தவர்களை எல்லாம் நான் தொடர்பு விட்டுப்போனவர்களாக மாற்றினேன். குழு என்னைப் பாராட்டிவிட்டுப் போனது.

அந்த வாரம்தான் தையலக்கா கேட்டார். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது தம்பி. நாலு படி ஏற முடியல. இந்த மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

"கட்டி வளரவே இல்லையேக்கா. எதுக்கு நிறுத்தணும்?"

"நீங்க சொன்னா சரிதான்."

நான் பொய் சொல்லவில்லை. கட்டி வளரவில்லைதான்.

அடுத்த வாரம் மகள் எடுத்தாள். "அம்மா போயிட்டாங்க சார்." நான் அழுதேன், மேடம். நிஜமாகவே தேம்பி அழுதேன். அழுதுகொண்டே தொடர்பில் இல்லை என்று பதிந்தேன். பிறகும் அவளை வாராவாரம் கூப்பிட்டேன். ஒருநாள் அவள், "அம்மாவே இல்ல, இன்னும் எதுக்கு சார் கூப்பிடுறீங்க?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவளுக்குச் சந்தேகம் வந்து, உங்களிடம் புகார் கொடுத்தாள்.

ஆமாம், மாத்திரை கொல்கிறது என்று தெரிந்தேதான் சாப்பிடச் சொன்னேன். தையலக்காவிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவர்களில் ஒருவரைக்கூட நான் தனியாகச் சாக விடவில்லை.