கல்லறையில் ஒட்டிய ஸ்டிக்கர்

வேலம்பாளையம் போகிற டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில் திருநெல்வேலி வாடை. டிக்கெட் எடுத்த கையோடு அக்கா சொன்னாள்:

"ஏல, அப்பா கல்லறையிலயும் அம்மா ஸ்டிக்கர் ஒட்டிட்டா."

"என்ன ஸ்டிக்கர்?"

"கம்பெனியில செக்கிங்ல ஒட்டுவால்லா, பனியன்ல தப்பு இருக்க எடத்தக் காட்டுத அம்புக்குறி. அதான்."

"கல்லுல என்ன தப்பாம்?"

"அப்பா டெய்லர்னு தையல் மிஷின் கொத்தச் சொன்னோம்லா. ஊசியில நூலே இல்லியாம்."

தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கல்யாணத்துக்கு முந்தியே அப்பா தச்ச பீஸத் திருப்பி அனுப்புனவதான. கல்லு கொத்துறவரு என்ன சொன்னாரு?"

"'ஏனுங்கம்மா, கல்லுல இதையெல்லாம் யாருங்க பாக்கப் போறாங்க?'ன்னாரு. 'நான் பாப்பேன்'னுட்டா. மனுசன் மறுபடி உக்காந்து நூல் கொத்திக் குடுத்தாரு. அம்மா விரலால தடவிப் பாத்துட்டுத்தான் ஸ்டிக்கர உரிச்சா."

"அப்போ அப்பா பாஸ்."

"இரு, இன்னும் முடியல. பக்கத்துல அம்மாவுக்குன்னு எடம் விட்ருக்குல்லா, அதுல பின்னால என்ன கொத்தணும்னு கேட்டாரு. அந்த அம்புக்குறியே போதும்னா."

"எந்தப் பக்கம் பாத்து?"

"அவரும் அதத்தான் கேட்டாரு. 'அவுக பக்கம்தான். தப்பு எப்பவும் அங்கதான இருந்துச்சு'ன்னா. சொல்லும்போதே அவளுக்கு வெக்கம் வந்துட்டுல."