கார் இறங்கணும், அப்பா ஏறணும்

எண்பதுகளில், சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமை காலை, சிராங்கூன் ரோட்டிலிருந்து டோபி காட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பியின் கார் வொர்க்‌ஷாப்பில் நின்றது. அவர் மடியில் கார் ஸ்பிரிங் படங்கள் போட்ட கேட்டலாக்.

"புது ஸ்பிரிங் மாட்டினா கார் ரெண்டு இன்ச் இறங்கணும்க்கா. ஆனா அப்பா ஏறணும்" என்றார் தம்பி.

"அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகுது. தாழ்வா உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. உன் ஸ்போர்ட்ஸ் கார் இப்பவே தரையிலதான் கிடக்கு."

"இந்த ஸ்பிரிங் செட்ல உயரத்தை மாத்திக்கலாம் லா. ஸ்பானர் போட்டுத் திருகினா ஏறும், இறங்கும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போக ஏத்துவே, திங்கக்கிழமை இறக்குவே?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு சக்கரத்தையும் கழட்டணும். அரை நாள்."

அக்கா கேட்டலாக்கை மூடினார். "அப்பாகிட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். மூணு இன்ச்சாவே இறக்குடா, பார்க்க நல்லா இருக்கும், நான் டாக்சியில போய்க்கிறேன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அவர் அப்படிச் சொன்னதும் இறக்க மனசு வரலக்கா. ஒரு இன்ச் ஏத்தியே மாட்டுங்கன்னு சொல்லப் போறேன்."

"ஸ்போர்ட்ஸ் காரையா? வொர்க்‌ஷாப்காரர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். அவரோட அப்பாவா ஏறப் போறாரு?"