பச்சைக் கோடு

— அன்னைக்கு இதே நாற்காலியில உட்கார்ந்துகிட்டு நீ என்ன சொன்னேடா எலி, ஞாபகம் இருக்கா?

— என்ன சொன்னேன்?

— 'அக்கா, நீ சொந்தக்காரங்க யார்கிட்டயும் வாயைத் திறந்து கேட்கவே வேண்டாம். பட்டனை அமுக்கினா கோடு தானா நகரும், படமே எல்லாத்தையும் புரிய வெச்சிடும்'னே. நானும், 'படம் பேசினா நான் பேச வேண்டாமே, அது போதும்டா'ன்னேன்.

— சொன்னேன்தான். இப்ப எதுக்கு அது?

— சித்தப்பா போன் பண்ணாரு.

— நான் போட்ட கிராஃப் பி.டி.எஃப்பைப் பார்த்துட்டாரா? என்ன சொன்னாரு?

— வாழ்த்துச் சொன்னாரு.

— வாழ்த்தா?

— 'கிட்னி போச்சு, கிட்னி போச்சுன்னு வயித்துல புளியைக் கரைச்சீங்களேம்மா, கோடு பச்சையா நேரா எவ்வளவு அழகா போகுது'ன்னாரு. சித்தி வேற அதை அவங்க தங்கச்சிங்களுக்கெல்லாம் அனுப்பிட்டாங்களாம், நல்ல சேதின்னு.

— ஒரு நிமிஷம்கா. பட்டனை அமுக்கலையா அவரு?

— மேல ரெண்டு கட்டம் இருக்கறதைப் பார்த்தாராம். டிசைன் பிரமாதமா இருக்குன்னாரு.

— எதுல திறந்தாரு, போன்லயா?

— பின்னே? அவரு வீட்டுக் கம்ப்யூட்டர் மேல பூச்சாடி வெச்சிருக்காங்க.

— அதான் விஷயம். போன்ல திறந்தா பட்டன் வேலை செய்யாதுக்கா. உள்ளே நான் எழுதி வெச்ச கட்டளை எதையும் அது சட்டை பண்ணாது. எந்தப் படத்தை முதல்ல வெச்சேனோ அதையே காட்டிட்டு கல்லு மாதிரி நிக்கும். என் லேப்டாப்ல பாரு. 'மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்' அமுக்கறேன். கோடு ஜம்முனு மேல ஏறுதா? அடுத்தது, 'கிடைக்காவிட்டால்'...

— அதை அமுக்காதே.

— சும்மா காட்டறதுக்குத்தான்.

— சிவப்புக் கோடு எங்கே போய் முடியுதுன்னு எனக்குத் தெரியும்டா. கையில குழாயை மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கறப்ப அதை வேற பார்க்கணுமா?

— சரி, எடுத்துட்டேன். கையை ஆட்டாதே, டயாலிசிஸ் மெஷின் கத்தும்.

— கத்தட்டும் போ. அது கத்தறதைக் கேட்டாதான் எனக்கு நாளே போகுது.

— பாரு, கத்திடுச்சு. சிஸ்டர்...

— என்ன டீச்சரம்மா, கையை மடக்கிட்டீங்களா? அசையாம இருங்க, ரத்தம் வர்ற வழி அடைபட்டுப்போகும். தம்பி, அந்தப் பிளக்குல உங்க ஒயரை மாட்டாதீங்க. அது மெஷினுக்கு.

— சாரி சிஸ்டர். சார்ஜ் இறங்கிடுச்சு, அதான்.

— இங்கே அக்காவுக்குச் சார்ஜ் ஏறினா போதும். உங்க பெட்டி கொஞ்சம் பட்டினி கிடக்கட்டும்.

— போயிட்டாங்களாடா?

— போயிட்டாங்க. நல்லா திட்டு வாங்கிக் குடுத்தே. சரி, பெரியம்மா வீட்டு அண்ணன் என்ன சொன்னாரு?

— வாட்ஸ்அப்புல கட்டை விரல் அனுப்பியிருக்காரு.

— அத்தை?

— ரெண்டு கட்டை விரல்.

— கோட்டுக்கு மேல 'இப்போது, டயாலிசிஸுடன்'னு தெளிவா போட்டிருக்கேனே. அதையாவது படிச்சிருக்கலாம்.

— பச்சையைப் பார்த்தப்புறம் யாருடா எழுத்தைப் படிப்பாங்க? எல்லாருக்கும் மனசு லேசாயிடுச்சு. போகட்டும்.

— போகட்டும்னு விட முடியுமா? ஒரு நிமிஷம். இதையே ஒரு வெப் பக்கமா மாத்திடறேன். லிங்க் அனுப்பினா போன்லயும் பட்டன் வேலை செய்யும்.

— சித்தப்பா லிங்க்கைக் கண்டாலே போனைக் கவிழ்த்து வெச்சிடுவாரு. எவனோ திருடன் அனுப்பினான்னு.

— அப்ப மூணு படத்தையும் மூணு பக்கமா போட்டு அனுப்பறேன். பட்டனே வேண்டாம்.

— முதல் பக்கத்தைப் பார்த்துட்டு மறுபடியும் கட்டை விரல் வரும்.

— வீடியோவா பண்ணட்டுமா?

— எலி, எனக்கு ஒண்ணு சொல்லு. பச்சையை ஏன் முதல்ல வெச்சே? கணக்கு டீச்சர்டா நான். கிராஃப்ல எது முக்கியமோ அது கண்ணுல படணும்னு பசங்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லித் தந்தவ.

— சிவப்பைத்தான் முதல்ல வெச்சிருந்தேன்.

— அப்புறம்?

— ஃபைலைத் திறக்கறப்பல்லாம் அதுதான் வந்து எதிர்ல நிக்குது. எனக்கு வேலையே ஓடலை. சரி, வேலை முடியற வரைக்கும் பச்சை இருக்கட்டும், அனுப்பறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம்னு நினைச்சேன்.

— மறந்துட்டே.

— மறக்கலைக்கா. கை வரலை.

— ம்.

— தப்பு என்னுதுதான். போனைக் குடு, நானே ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பேசறேன். 'அது நல்ல சேதி இல்லை, அக்காவுக்கு ஒரு கிட்னி வேணும், யாராவது டெஸ்ட்டுக்கு வாங்க'ன்னு பச்சையா கேட்டுடறேன்.

— வேண்டாம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை. அண்ணனுக்கு பிரஷர். அத்தைக்கு வயசாச்சு. கிட்னி குடுக்க அவங்க யாரும் ஆகமாட்டாங்கன்னு படம் அனுப்பறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

— தெரியுமா? அப்புறம் எதுக்கு என்னை மாசக்கணக்கா உட்கார வெச்சு இதைப் பண்ணச் சொன்னே? 'கோடு இன்னும் சரியா வளையலை, திருப்பிப் பாரு, திருப்பிப் பாரு'ன்னு உயிரை எடுத்தியேக்கா.

— திருப்பித் திருப்பிப் பார்த்தியா இல்லையா?

— பார்த்தேன்.

— நம்ம சொந்தத்துல அந்த ரெண்டு பட்டனையும் அமுக்கிப் பார்த்தது யாரு, சொல்லு.

— யாருமே இல்லை. அதானே பிரச்சனை.

— ஒருத்தன் பார்த்தான்.

— யாரு, மாமாவா?

— உங்க மாமாவுக்கு ரத்த குரூப்பே சேரலை. அவரு பார்த்து அழத்தான் முடியும்.

— வேற யாரு?

— போன வருஷம் எனக்கு ரத்தம் வேணும்னப்ப, 'ஒரே குரூப்தான் சிஸ்டர், வேணுங்கறதை எடுத்துக்கோங்க'ன்னு சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு வந்து படுத்தானே, அவன்.

— அக்கா.

— இரு, சொல்லி முடிச்சிடறேன். இல்லைன்னா இனிமே என்னால முடியாது. உனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்னைக்கு அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க. 'அவன்கிட்ட மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதேடி, கேட்டா அவன் மாட்டேன்னு சொல்லமாட்டான்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எந்தக் கையை, இந்த ஊசி குத்தின கையை. நானும் சரின்னேன்.

— எங்கிட்ட அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே.

— எப்படிச் சொல்லுவாங்க? ரெண்டு பேரும் அவங்க வயித்துல பிறந்ததுங்க. எந்தப் பக்கம் பேசினாலும் இன்னொரு பக்கம் வலிக்கும். நான் வாக்கைக் காப்பாத்தினேன்டா. வாயைத் திறக்கலை. படம் போடச் சொன்னேன், அவ்வளவுதான். நீயே வரைஞ்சு, நீயே அமுக்கிப் பார்த்து, ஒரு நாளைக்கு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பேன்னு இருந்தேன். நீ நிமிர்ந்தே. நிமிர்ந்து, 'இளம் பச்சை நல்லாயிருக்கா, கரும்பச்சை நல்லாயிருக்கா'ன்னு கேட்டே.

— ஒரு நிமிஷம்கா. எனக்கு... ஒரு நிமிஷம்.

— உன் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும். லேப்டாப்பை மூடு.

— மூடிட்டேன்.

— என்னைப் பாரு.

— பார்க்கறேன்.

— அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். கட்டிக்கப்போற பொண்ணுகிட்டயும் நானே பேசறேன். நீ முடியாதுன்னு சொன்னாலும் நான் உனக்கு அதே அக்காதான். எலி, உன் கிட்னியில ஒண்ணை எனக்குக் குடுக்கறியாடா?