நியாயமான குறிப்பு

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர். ஆறின தேநீரை லயனல் வாயில் வைக்கமாட்டார். வைக்கமாட்டார் என்றுதான் இன்னும் வருகிறது, பாருங்கள். செவ்வாய்க்கிழமையோடு அவர் கதை முடிந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விடையை மட்டும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

என் கணவரை இங்கே நார்விச்சில் பலருக்குத் தெரியும். பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைக் காலைச் சாப்பாட்டோடு போட்டு முடித்துவிடுவார். நேரே அர்த்தம் கேட்கிற சப்பைப் புதிர் இல்லை. ஒன்றைச் சொல்லி வேறொன்றை ஒளித்துவைக்கிற வகை. ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று இணையத்தில் விளக்கமும் எழுதுவார். முகம் தெரியாதவர்களெல்லாம் படித்துவிட்டு நன்றி சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. குருட்டாம்போக்கில் யார் வேண்டுமானாலும் விடை சொல்லலாம். விளக்கம் இல்லாத விடை விடையே அல்ல.

வீட்டிலும் அதே சட்டம்தான். கார் சாவி எங்கே என்றால் நேரே சொல்லமாட்டார், புதிராக ஒரு குறிப்பு; விடையோடு விளக்கமும் சொன்னால்தான் சாவி கைக்கு வரும். ராத்திரி விருந்துக்கு யார் வருகிறார்கள் என்றால் அதற்கும் ஒரு குறிப்பு. "மூளை துருப்பிடிக்கக் கூடாது, ஹெஸ்டர்" என்பார். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிப்போனது. கல்யாணம் என்றால் நாலும் இருக்கும்.

போன வசந்தத்தில் என் தங்கை பெரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒருநாள் நான் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தபோது லயனல் பேசி முடித்துப் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு போன்ல?"

"நேரா சொன்னா என்ன சுவாரசியம்? பச்சைக் கல்லு ஒண்ணு ஜன்னலோரம் மங்குது."

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் என் தங்கையுடையது. "பெரில்" என்றேன்.

"சரி. விளக்கம் சொல்லு, ஹெஸ்டர்."

எனக்குத் தெரியவில்லை. கார் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. கெஞ்சினேன். யோசி, யோசி என்று சிரித்துக்கொண்டே புகைபிடிக்கிற பைப்பைத் துடைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடனே புறப்பட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது காரில் சொன்னார், "பெரில்ங்கிறது ஒரு பச்சைக் கல்லு. கூடப் பிறந்தவ பேருக்கு அர்த்தம் தெரியாதா உனக்கு?"

வயிறு எரிந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதெல்லாம் ஆறிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் மிகவும் அமைதியாக இருந்தேன்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. வந்தால் நாக்கடியில் பீய்ச்சிக்கொள்ள ஒரு சின்ன மருந்துக் குப்பி, எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அன்று அவர் குளிக்கும்போது அதை எடுத்து, வாசல் மூலையில் இருக்கிற குடைக்குள் போட்டுவைத்தேன். வலி என்றைக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே வந்தது. புதிரின் கடைசிக் குறிப்பில் இருந்தார். கை சட்டைப்பையைத் தடவியது.

"ஹெஸ்டர், மருந்து எங்க?"

"மழையில விரியும், வெயில்ல மூலையில தூங்கும்."

முதலில் சிரித்தார், பழக்கதோஷம். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"விளையாடாத."

"மூளை துருப்பிடிக்கக் கூடாது, லயனல்."

ஒன்று சொல்லியாக வேண்டும், குறிப்பில் கள்ளம் கபடம் இல்லை. வேறு நாளாக இருந்தால் குழந்தைத்தனம் என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார். மேசையைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. மூச்சு வாங்க, "குடை" என்றார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம்.

நானும் உடனே எழுந்து போய்க் குடையை எடுத்து வந்தேன். கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். உள்ளே குப்பி உருளும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"சரி. விளக்கம் சொல்லு, லயனல்."

வாயைத் திறந்தார். காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. எனக்கு அவர் கொடுத்ததைவிட அதிக நேரம் கொடுத்தேன். உங்களுக்குப் போன் செய்ததுகூட அதற்குப் பிறகுதான்.

பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். விளக்கத்தைச் சொல்லியிருந்தால் குடையை அப்போதே விரித்திருப்பேன்.