பதினேழாம் எண் நோயாளி

நோயாளி வீட்டுக்குப் போனால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பது என் வழக்கம். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்பேன். தண்ணீர் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு எதையும் மறைப்பதில்லை. பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் கற்றுக்கொண்ட நல்ல விஷயங்களில் இதுவும் ஒன்று.

காவேரியும் அப்படித்தான் தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் எல்லாரும் இதே கல்லூரியில் என்னோடு காபி குடித்தவர்கள்தான். இருந்தாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். என் பெயர் இளவரசி. பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்தே எப்படித் தேற்றுவது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. இருபத்து நான்கு பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தேன். முதல் குழுவின் குடும்பங்களுக்கு என் கையேட்டின்படி பயிற்சி உண்டு. எப்படி உட்காரவைப்பது, நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டாம் குழுவுக்கு மருத்துவமனையில் வழக்கமாகச் சொல்கிற நாலு வார்த்தை மட்டும். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அவர்களுக்கும் கற்றுத் தருவதாகப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். நீங்களே ஒப்புதல் கொடுத்தீர்கள்.

காவேரியின் கணவர் கலியாணசுந்தரம் பதினேழாம் எண், இரண்டாம் குழு. ஐம்பத்தாறு வயது, பட்டு நெசவாளர். வலது கையும் காலும் விளங்காமல், பேச்சும் போயிருந்தது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும்.

நான்காம் வாரம் போனபோது ஆள் கட்டிலில் இல்லை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அகலக் கரைப் புடவைக்கு இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் நடுவில் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுபவர் காவேரிதான். அன்றும் காவேரி தள்ளியதும், செத்துக் கிடந்ததாக நான் குறித்துவைத்திருந்த கணவரின் வலது கை தன் முறைக்கு நீண்டது.

"நான் நாடாவ தள்ளினா அவரு கை சும்மா இருக்க மாட்டேங்குதுமா," என்றார் காவேரி. "நேத்து காலால தறி மிதி கூட மிதிச்சாரு. பாக்கறீங்களா?"

பார்த்தேன். அளந்தும் பார்த்தேன். முதல் குழுவில் ஒருவர்கூட அந்த அளவுக்கு வந்திருக்கவில்லை. நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கையேட்டை ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தே தோற்கடித்துவிட்டார். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

கலியாணசுந்தரத்தை ஆய்விலிருந்து விலக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏற்கெனவே அந்தக் குழுவில் இரண்டு பேர் பாதியில் போய்விட்டார்கள். இன்னும் ஒருவர் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து என்று என் வழிகாட்டி சொல்லியிருந்தார். கால நீட்டிப்பையும் ஒருமுறை வாங்கியாயிற்று. பயிற்சி இல்லாமலே தேறுகிறவரை வைத்துக்கொண்டால் முடிவு கெடும், விட்டால் ஆய்வே போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதனால் காவேரியிடம் இப்படிச் சொன்னேன்.

"இப்ப கைகால ஆட்டினா மறுபடியும் மூளையில அடைச்சிக்கும்மா. எட்டு வாரம் படுத்துக்கினு இருக்கட்டும். அப்புறம் நானே வந்து எழுப்பி வுடறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மனதாரத்தான் சொன்னேன்.

காவேரி நான் சொன்னதை அப்படியே செய்தார். சோறு ஊட்டினார், தறிப்பக்கம் விடவில்லை. ஆறாம் வாரம் போனபோது கலியாணசுந்தரம் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தால் கட்டில் சட்டத்தை மிதித்துக் காட்டினார். ஒருமுறை, நிறுத்தி, இன்னொருமுறை. தறி மிதிப்பது போலவே இருந்தது. "அர்த்தமற்ற அசைவு" என்று குறித்துக்கொண்டேன். காலை மெல்லிய துணியால் கட்டிவைக்கச் சொன்னேன். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடவும் கற்றுக்கொடுத்தேன். கட்டும்போது காவேரி அழுதார், கணவர் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வாரம் இடுப்பில் படுக்கைப் புண். புரட்டிப் படுக்கவைத்தால் போதும். ஆனால் அது என் கையேட்டில் மூன்றாம் பாடம். முதல் குழுவுக்கு மட்டும் உரியது. அதைச் சொன்னால் இரண்டு குழுவும் கலந்துவிடும். பவுடர் போடச் சொன்னேன். பதினோராம் வாரம் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்காம் நாள் இறந்தார்.

அங்கேதான் கூரம் கிராமத்திலிருந்து தேவசகாயம் பரிசோதனைக்கு வந்திருந்தார், முதல் குழு, கைத்தடியோடு நடந்து. யார் நடக்கவைத்தது என்று காவேரி அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு காவேரி என்னைத் தேடி வந்து, சத்தமே போடாமல் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவங்கள நடக்க சொல்லிட்டு எங்கள மட்டும் ஏம்மா கட்டிப்போட சொன்னீங்க?"

அதற்கான பதிலை உங்களிடம் சொல்கிறேன். கலியாணசுந்தரம் எழுந்துவிடுவார் என்று தெரிந்துதான் படுக்கவைத்தேன். புண் வரும் என்று தெரியும். எந்த இடத்தில் முதலில் வரும் என்றுகூடத் தெரியும், அதைத்தான் இந்தக் கல்லூரியில் வருடாவருடம் பாடமாக நடத்துகிறேன். காவேரி கையால் நடந்தது எல்லாம் நான் செய்தது. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

என்னை வேலையிலிருந்து நீக்குங்கள், போலீஸில் ஒப்படையுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். பதினேழாம் எண்ணை மட்டும் ஆய்விலிருந்து எடுத்துவிடாதீர்கள். இறந்தவர்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்க முறை இருக்கிறது. அந்த மனிதர் அவ்வளவு பட்டிருக்கிறார், அது வீணாகப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.