பச்சை நாடா

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதை. ஈ காக்கா இல்லை...

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. இன்னும் சோறு தின்னாதவர்கள் எழுந்து போய்த் தின்றுவிட்டு வாருங்கள். இதைக் கேட்டபிறகு தொண்டையில் இறங்காது. எனக்குச் சொல்லும்போதே குமட்டும்.

என் கூட்டாளி கந்தசாமிக்கு ஒரு சித்தப்பா. பெயர் இருசப்பன். கள்ளக்குறிச்சியில் குஷன் கடை வைத்திருந்தார். பஸ், லாரி, டிராக்டர், எதற்கும் சீட்டு தைப்பார். தையலில் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே கிடக்கிற எதையும் விடமாட்டார். கிழிந்த ரெக்சின், துருப்பிடித்த கொக்கி, செத்த வீட்டுத் தலையணைப் பஞ்சு... எல்லாம் அவர் கடைக்குள் வந்துவிடும். அந்த ஈனப் புத்திதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம். ரோட்டோரப் புளியமரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, மெட்ராஸிலிருந்து ஒரு தீப்பெட்டிகூட வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இருசப்பனின் பக்கத்து வீட்டுச் சடையன் செத்துப்போனார்.

சடையன் வாதம் வந்து ஒரு வருஷமாக நாடாக் கட்டிலிலேயே கிடந்தவர். வலது கை ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் நகத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். டக்... டக்... டக். கிட்டே போனால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார். அவர் மனைவி ஆயம்மாளின் கையில் எப்போதும் அந்தத் தழும்பு இருக்கும்.

மகன் சேலத்தில். வழி அடைத்துக் கிடக்கிறதே, எப்படி வருவான்? வருவான் வருவான் என்று மூன்று நாள் கிடத்தி வைத்தார்கள். வெயில் காந்தியது. வயிறு உப்பி, தோல் வெடித்து, மஞ்சளாக நீர் வடிந்து, கட்டில் நாடாவெல்லாம் ஊறி, தரையில் சொட்டியது. சொட்டிய இடத்தில் ஈ மொய்த்த சத்தம் தெருமுனைவரை கேட்டதாம். கடைசியில் மகன் இல்லாமலே தூக்கினார்கள். தூக்கும்போதுதான் பார்த்தார்கள்: வலது கை கட்டில் நாடாவை இறுகப் பிடித்திருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை.

"இருசப்பா, உன் கத்திய எடுத்தாந்து அறுத்து வுடு" என்றாள் ஆயம்மாள்.

அவர்தான் அறுத்தார். ஒரு சாண் நாடா. கிழிசலை ஆயம்மாள் சிவப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்த இடம் அது. தையலின் பாதி சடையன் கையோடு குழிக்குள் போனது. மீதிப் பாதி கட்டிலில் நின்றது. வழக்கப்படி கட்டிலைச் சுடுகாட்டு ஓரத்தில் கவிழ்த்துப் போட்டார்கள். அதை யாரும் தொடக்கூடாது. தொடவும் மனசு வராது.

மறுநாள் ரைஸ் மில்லுக்காரர் மகன் அன்புச்செல்வன் கடைக்கு வந்தான். ஒரு பழைய சின்ன ஃபியட்டைக் கழற்றிப் பிடுங்கிப் பந்தய வண்டியாக்கி வைத்திருந்தான். மெட்ராஸ் பக்கத்தில் பந்தயம், பத்தே நாள். ஓட்டுகிறவன் பக்கத்து ஜன்னலில் வலை இல்லையென்றால் வண்டியை உள்ளேயே விடமாட்டார்களாம்.

இருசப்பன் அந்த வாரம் முழுக்க ஓடாமல் நின்ற பஸ்ஸுக்கெல்லாம் கல்லெறி தடுக்கக் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தவர்.

"கம்பி வலையே போட்டுடலாம் தம்பி. ஒரு கல்லு உள்ள வராது" என்றார்.

"கல்லுக்கு இல்லண்ணே. வண்டி உருண்டா கை தன்னால வெளிய போயிடும். வண்டிக்கு அடியில மாட்டினா கூழுதான். வெளிய இருக்கறது உள்ள வரக்கூடாதுன்னு இல்ல. உள்ள இருக்கறது வெளிய போவக்கூடாது. அதுக்குத்தான் வலை. கெட்டி நாடாவுல தைக்கணும்."

"நாடாவுக்கு எங்க போறது? ரோடே இல்லியே தம்பி."

"இன்னா செய்வியோ தெரியாது. என் கை உன் தையல்லதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சடையன் கட்டிலில் மூன்று விரல் அகலத்தில் பச்சை நைலான் நாடா, பட்டாளத்துச் சரக்கு, வீணாகக் கிடக்கிறதே என்று இருசப்பனுக்குத் தோன்றியது. தோன்றலாமா ஒரு மனுஷனுக்கு? சுடுகாட்டுக்குப் போனார். நாடா சட்டத்தோடு பசைபோட்டாற்போல் ஒட்டியிருந்தது. இழுத்தால் சர்ர்ர்க்... உள்பக்கம் இரண்டு நரைமுடி. விரற்கடை அளவுக்குத் தோல். சுரண்டிப் போட்டுவிட்டுச் சுருட்டிக்கொண்டு வந்தார். சோடா உப்பு போட்டு ஐந்து தண்ணீர் அலசினார். ஐந்தாவது தண்ணீரும் டீ நிறத்தில்தான் வந்தது. அழுகின பலாப்பழமும் தேங்காயெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு தித்திப்பு நாற்றம். அன்று ராத்திரி ரசத்திலும் அதே நாற்றம். வாயில் வைத்ததைத் துப்பினார். அப்போதாவது தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை.

கட்டம் கட்டமாகத் தைத்தார். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, ஜன்னலுக்கு உள்பக்கமாகப் பூட்டினார். மேல் கம்பியில் ஒரு தாழ். உள்ளேயிருந்து இழுத்தால் வலை கீழே விழும். வேலை சுத்தம்.

அன்பு மூக்கைச் சுளித்தான். "இன்னாண்ணே நாத்தம்?"

"புது நாடா தம்பி. மருந்து வாசனை. ரெண்டு நாள்ல கம்மியாயிடும்."

மலைப்பாதையில் மட்டும் மரம் வெட்டிப் போடவில்லை. அங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்றான். "நீயும் வா. வலை எங்க தொங்குதுன்னு பாத்துக்கினு வா."

இடது சீட்டைக் கழற்றியாயிற்று. இருசப்பன் ஒரு சாக்கை விரித்துக் கீழே உட்கார்ந்து, முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அணை தாண்டி ஏறினார்கள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. ஒரு ஈ வந்தது. வலையில் உட்கார்ந்தது. இன்னொன்று... அத்தனை வேகத்தில் ஓடுகிற வண்டிக்குள் ஈ எப்படி வரும்? எண்ணுவதற்குள் வலை கறுத்துவிட்டது.

டக்... டக்... டக்.

கதவுத் தகரத்தில். உள்பக்கம்.

இருசப்பனுக்கு அந்தத் தட்டல் தெரியும். ஒரு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. அதற்குமேல் தாங்கவில்லை. "தம்பி, வண்டிய நிறுத்துங்க. அந்த நாடா இன்னாதுன்னா..."

"கைய எடுண்ணே!" என்று அன்பு கத்தினான்.

இருசப்பன் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் கம்பியில்தான் இருந்தன.

"கைய எடுண்ணேன்றேன்! ஸ்டேரிங்க ஒடிக்க முடியல! புடிச்சிக்கினு இருக்கிறியே!"

அன்புவின் வலது கை ஸ்டியரிங்கில் இல்லை. மணிக்கட்டு வலையோடு ஒட்டியிருந்தது. அங்கே தோல் உள்ளே அமுங்கியது. நான்கு பள்ளம். ஒரு கட்டைவிரல் பள்ளம்... பிடித்த கை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வளைவில் வண்டி திரும்பவில்லை. இரண்டு முறை உருண்டு பாறையில் முட்டி நின்றது.

அதிசயம் பாருங்கள், ஒருவருக்கும் பெரிய அடி இல்லை. வலையில் ஒரு நூல்கூட அறவில்லை. அன்புவின் கையை வெளியே விடாமல் காப்பாற்றிவிட்டது. தாழை இழுத்தார்கள், வலை விழவில்லை. அறுத்துத்தான் வெளியே வந்தார்கள். மணிக்கட்டில் மட்டும் ஐந்து விரல் தடம், கன்றிப்போய்.

மூன்றாம் நாள் தடம் கறுத்தது. தோல் வெடித்து மஞ்சளாக நீர் வடிந்தது. கட்டுப் பிரித்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அழுகின பலாப்பழம், தேங்காயெண்ணெய்... எட்டாம் நாள் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். கண்ணு முழித்ததும் அன்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "உன்ன நம்பித்தானேண்ணே குடுத்தேன்?"

எடுத்த கையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், புதைக்கச் சொல்லி. பெற்றவர்கள் தொட மறுத்தார்கள். இருசப்பன்தான் வாங்கிக்கொண்டார். அதே சுடுகாடு. பக்கத்தில் சடையன் குழிமேடு, வைத்த எருக்கஞ்செடிகூடச் சாயாமல் இருந்தது.

மட்ட மத்தியானம். குழி தோண்டிவிட்டுத் துணியைப் பிரித்தார். விரல்கள் இறுக மூடியிருந்தன. இடுக்கில் பச்சையாக ஏதோ தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார்.

நாடா. ஒரு சாண்.

ஓரத்தில் சிவப்பு நூல், கோணல்மாணலாக, பாதித் தையல். அதில் ஈர மண் ஒட்டியிருந்தது.